பொதுவாசல் வைத்தவன் நான்

2022 ஆடி மாதத்தில், சிவகாசியிலுள்ள ஒரு சிறிய அச்சகத்தின் காலண்டர் டிசைன்கள் இரண்டே இரவுகளில் அழிந்துபோயின. பல வருடங்களாகச் சேர்த்து வைத்த சாமி படங்கள், கடைப்பெயர் போட்ட வார்ப்புருக்கள், திருத்தித் திருத்தி மெருகேற்றிய ஃபைல்கள். அழித்தது ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதிய பையனுக்கு வேலை போனது. அந்த அழிவுக்குக் காரணம் அவன் இல்லை, நான். இதை என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், அந்த அச்சகக்காரரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் என்னைப் போல இதே வேலையில் இருப்பவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்குப் பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணை. 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பினேன். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. அச்சகங்கள், லேபிள் அடிப்பவர்கள், அட்டைப்பெட்டி செய்பவர்கள் ஆகியோரின் ஃபைல்களைப் பொதுச் சேமிப்பில் வைத்துப் பராமரிப்பதுதான் எங்கள் தொழில். ஒரு பட்டாசு லேபிளின் டிசைன் ஃபைலே பல நூறு எம்பி வரும். டிசைனர், பிழை திருத்துபவர், பிளேட் எடுப்பவர் என்று நான்கு பேர் அதையே திறக்க வேண்டும். ஆளுக்கொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அலைந்த காலம் போய், எல்லாரும் ஒரே சேமிப்பைத் தங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டர் போலவே பார்க்கிறார்கள். அமேசானின் மும்பை மையத்தில் இருக்கும் இஎஃப்எஸ் என்ற சேவையில் இதை வைத்திருந்தோம். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே சேமிப்பு, ஆளுக்கொரு ஃபோல்டர். அமைத்தவன் நான்.

இந்தச் சேமிப்புக்கு அடியில் ஓடுவது என்எஃப்எஸ். 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய, நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் முறை. ஒரே கட்டடத்துக்குள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் பயன்படுத்துவதற்காக வந்தது. அதனால் அதன் சாதாரண அமைப்பு நம்பிக்கையில் நடக்கிறது. வருகிற கம்ப்யூட்டர் "நான் 1001ஆம் எண் ஆள்" என்று சொன்னால் சேமிப்பு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இஎஃப்எஸ்ஸில் "நான் 0" என்று சொன்னால் அவன் ரூட். அவனுக்குத் தடை கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே சேமிப்பில் இருக்கும்போது இந்த நம்பிக்கை ஆபத்தானது.

அதைச் சரிசெய்யத்தான் 2020 ஜனவரியில் இஎஃப்எஸ்ஸில் அக்சஸ் பாயின்ட் என்ற வசதி வந்தது. அது செய்வது இரண்டு காரியம். அதன் வழியாக வருபவர் தன்னை எந்த எண்ணாகச் சொல்லிக்கொண்டாலும், நாம் நிர்ணயித்த எண்ணாகத்தான் உள்ளே நடத்தப்படுவார். அடுத்து, நாம் காட்டிய ஃபோல்டர்தான் அவருக்கு மொத்தச் சேமிப்பும். அதற்கு மேலே ஏறவோ பக்கத்து ஃபோல்டரை எட்டிப் பார்க்கவோ வழி கிடையாது. ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அக்சஸ் பாயின்ட், அதற்கென்று ஓர் எண், ஒரு ஃபோல்டர். இவ்வளவுதான் விதி. ஒன்றை உருவாக்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த விதியின் அருமை எனக்குப் புரியாமல் இல்லை. பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு அதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒவ்வொன்றும் தனித்தனி அறைகளாகத்தான் நிற்கும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு வெடிமருந்து என்று லைசென்ஸில் கணக்கு இருக்கும். மருந்து கலக்கிற அறையில் ஒன்று நடந்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. அந்தக் கணக்கைக் குலைப்பது எது என்பதும் ஊருக்கே தெரியும்: உள்குத்தகை. ஒருவர் பெயரில் லைசென்ஸ், உள்ளே அறை அறையாகப் பிரித்துப் பல பேருக்கு விட்டிருப்பார்கள். யார் எவ்வளவு மருந்து வைத்திருக்கிறார், எத்தனை ஆள் வைத்திருக்கிறார் என்று பொறுப்பாகச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில், அச்சங்குளத்தில் இன்னொரு வெடிவிபத்து நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்ற செய்தி அப்போது பத்திரிகைகளில் வந்தது. அங்கே போனவை உயிர்கள். என் கையில் போனவை ஃபைல்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் தனி அறை ஏன் வேண்டும் என்று இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்தவன், தன் பொறுப்பில் இருந்த இடத்தில் சுவர்களை எல்லாம் இடித்து வைத்திருந்தான் என்பதைச் சொல்லாமல் என் வாக்குமூலம் முழுமையாகாது.

இடித்தது 2020 தீபாவளிக்கு முன்பு. லேபிள் அச்சகங்களுக்கு இரவு பகல் தெரியாத நேரம். அக்சஸ் பாயின்ட் முறைக்கு எல்லாரையும் மாற்றச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருந்தது. முதல் வாடிக்கையாளருக்கு 1001 என்ற எண்ணில் ஒன்றை உருவாக்கினேன். அவர்களால் ஃபைலைத் திறக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று திரையில் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு போன்: "தம்பி, மெஷின் நிக்கிது. பிளேட் போடணும். என்னமாவது செய்யுங்க."

காரணம் சின்னதுதான். அந்த ஃபோல்டரை நான் முன்பே ரூட்டாக இருந்து உருவாக்கி வைத்திருந்தேன். அக்சஸ் பாயின்ட் உருவாக்கும்போது ஃபோல்டருக்கு யார் உரிமையாளர், என்ன அனுமதி என்று கொடுக்கும் இடம் உண்டு. ஃபோல்டர் இல்லாவிட்டால்தான் அந்த விவரப்படி புதிதாக உருவாகும். ஏற்கெனவே இருந்தால் அந்த விவரத்தை இஎஃப்எஸ் கண்டுகொள்ளாது. பழைய உரிமையாளரே நீடிப்பார். உரிமையாளரை 1001 என்று மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். அதைத் தேடிப் படிக்கும் பொறுமை அன்றைக்கு என்னிடம் இல்லை.

நான் செய்தது இது. இன்னோர் அக்சஸ் பாயின்ட் உருவாக்கினேன். எண் 0. ஃபோல்டர், மொத்தச் சேமிப்பின் உச்சி. எல்லாரும் எல்லாமும் செய்யலாம் என்று ஃபோல்டர்களுக்கு 777 அனுமதி. அடுத்த நிமிடம் அச்சகத்தில் வேலை ஓடியது. "ரொம்ப நன்றி தம்பி" என்றார்கள். அந்த நன்றி எனக்குப் பிடித்திருந்தது. அந்த வாரத்திலேயே மற்ற வாடிக்கையாளர்களையும் அதே அக்சஸ் பாயின்ட்டில் இணைத்துவிட்டேன். தீபாவளி முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். தீபாவளி முடிந்தது, பொங்கலும் முடிந்தது. யாரும் புகார் சொல்லவில்லை, நானும் பிரிக்கவில்லை. ஒருமுறை உருவாக்கிய அக்சஸ் பாயின்ட்டின் எண்ணையோ ஃபோல்டரையோ மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கி, ஒவ்வொரு சர்வரையும் அதில் இணைத்து, பழையதை நீக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப்போட்டேன்.

இதுவரை சொன்னது சோம்பல். அடுத்தது பொய்.

2021 பிப்ரவரியில் கம்பெனிக்குள் பாதுகாப்புத் தணிக்கை வந்தது. ஒரு கேள்விப் படிவம். அதில் ஒரு கேள்வி: ஒரு வாடிக்கையாளரின் தரவை மற்றவர் அணுக முடியாதபடி பிரித்து வைத்திருக்கிறீர்களா? ஆம் என்று எழுதினேன். எப்படி என்று அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அக்சஸ் பாயின்ட், தனி எண், தனி ஃபோல்டர் என்று, எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே எழுதினேன். அச்சங்குளத்தில் செத்தவர்களுக்காக ஊரே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாதம் அது. உள்குத்தகைக்கு விட்டவர்களை நானும் வாய்விட்டுத் திட்டினேன். அதே மாதத்தில் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம், இன்றைக்கு எழுதினால் என்ன என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தப் பதில் அதோடு நிற்கவில்லை. அதையே வெட்டி எடுத்துப் புதிதாகச் சேருபவர்களுக்கான கையேட்டில் சேர்த்தார்கள். 2022இல் எங்கள் குழுவுக்கு ஒரு பையன் வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் உழைத்த தாய் படிக்கவைத்த பிள்ளை. என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவான். அந்தக் கையேட்டையும் படித்தான்.

அட்டைப்பெட்டி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், பழைய மாதிரிப் படங்கள் இடத்தை அடைக்கின்றன, மூன்று மாதத்துக்கு முந்தையதை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வேலை இவனிடம் வந்தது. அந்த வாடிக்கையாளரின் சர்வரில், சேமிப்பு இணைந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, 90 நாளைக்கு முந்தைய ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். பகல் வேலைக்கு இடைஞ்சல் வராமல் இரவில் மட்டும் ஓடும்படியும், விடியுமுன் நின்று, மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் வைத்தான். கவனமான வேலை. அந்த இடத்தில் அந்த வாடிக்கையாளரின் ஃபோல்டர் மட்டும்தான் இருக்கும் என்று கையேடு சொன்னது. உண்மையில் அங்கே எல்லாருடைய ஃபோல்டர்களும் இருந்தன. அழிக்கத் தடையில்லாத 0 என்ற எண்ணும் இருந்தது.

ஸ்கிரிப்ட் முதல் இரவு ஓடிய மறுநாள் காலையில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, சாமி பட ஃபோல்டரைத் திறந்தா பாதிக்கு மேல காணும். நீங்க எதுவும் மாத்துனீங்களா?" ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். ஆல்பம் வெளியாகி ஆர்டர் வந்துகொண்டிருந்த நேரம்.

யார் அழித்தது என்று பார்க்க எனக்கு வழியில்லை. அக்சஸ் பாயின்ட்டை உருவாக்கியதும் நீக்கியதும் அமேசானின் கிளவுட்ட்ரெயில் பதிவேட்டில் இருக்கும். எந்த ஃபைலை யார் அழித்தார் என்பது அதில் வராது. சேமிப்பின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே எண், 0. ஆளுக்கொரு எண்ணும் ஃபோல்டரும் கொடுத்திருந்தால், மற்றவர் ஃபோல்டரில் அழிக்கவே முடிந்திருக்காது. வெளியாள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பொது அக்சஸ் பாயின்ட்டை நீக்கினேன். பட்டியலில் அது மறைந்ததும் அந்த அக்காவுக்கு போன் போட்டு, "வழியை அடைச்சாச்சுக்கா, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அது தவறு. அக்சஸ் பாயின்ட்டை நீக்கினால் புதிதாக யாரும் அதன் வழியே வர முடியாது. ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள், தாங்களாக இணைப்பைத் துண்டிக்கும் வரை உள்ளேயேதான் இருப்பார்கள். அமேசானின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. அன்று பகலில் மற்ற சர்வர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் புதிய அக்சஸ் பாயின்ட்டில் இணைத்தேன். அட்டைப்பெட்டிக்காரரின் சர்வரில் அவசர வேலை ஓடிக்கொண்டிருந்ததால், அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். பையன் கேட்டான்: "அண்ணே, நானும் கூடப் பார்க்கட்டுமா? எந்த பாயின்ட்ல எது இணைஞ்சிருக்குன்னு ஒரு பட்டியல் எடுத்துருவோம்." வேண்டாம் என்றேன். பட்டியல் எடுத்தால் எல்லாரும் ஒரே அக்சஸ் பாயின்ட்டில் இருந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். அவனிடமிருந்து அதை மறைப்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

அன்று இரவு ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. காலையில் அந்தச் சாமி பட ஃபோல்டரில் 90 நாளைக்கு முந்தைய ஃபைல் ஒன்றுகூட இல்லை.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இஎஃப்எஸ் சேமிப்பைக் கன்சோல் திரையில் உருவாக்கினால் தினசரி பேக்கப் தானாகவே சேர்ந்து வரும். கட்டளை வழியாக உருவாக்கினால் நாமே கேட்டுச் சேர்க்க வேண்டும். நான் கட்டளை வழியாக உருவாக்கினேன், கேட்கவில்லை. அழிந்ததைத் திரும்ப எடுக்கக் குப்பைத்தொட்டி போன்ற ஏற்பாடும் அதில் கிடையாது.

மூன்றாவதாக நான் செய்ததுதான் இவை எல்லாவற்றிலும் மோசமானது. விசாரணைக் கூட்டம் நடந்தது. ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எழுதியவன் பெயர் அதன் தலையில் இருந்தது. "ஒரு ஃபோல்டருக்குப் பதிலா மொத்தத்தையும் எப்படித் தேர்ந்தெடுத்தான்?" என்று மேலே கேட்டார்கள். கையேட்டில் எழுதியிருப்பதை அவன் சொன்னான். சேமிப்பு அப்படித்தானே அமைக்கப்பட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். அதற்குள் பழைய அக்சஸ் பாயின்ட்டை நான் நீக்கியிருந்தேன். புதியவை எல்லாம் தனித்தனியாக, முறைப்படி இருந்தன. பார்த்தால் பல நாளாக அப்படித்தான் இருந்தது போலத் தெரியும். "ஆமாம், பிரிச்சுத்தான் இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவனைத் தள்ளிவிட்டேன். பயிற்சிக் காலத்தில் இருந்தவனை நிரந்தரமாக்காமல் அனுப்பிவிட்டார்கள். போகும்போது எனக்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். நான் பதில் போடவில்லை.

அந்த அக்கா புரட்டாசி வரை இரவு இரவாக உட்கார்ந்து படங்களைத் திரும்பச் செய்தார். வாட்ஸப்பில் அனுப்பிய சின்னப் பிரதிகள், பழைய காலண்டர் தாள்கள், எங்கோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தவை என்று தேடிச் சேர்த்தார். கண் வலி வந்து மருத்துவமனைக்குப் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். சில ஆர்டர்கள் வேறு அச்சகத்துக்குப் போயின.

அதற்கு அடுத்த வருடம்தான் நான் உண்மையைச் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்த உறுதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தேன். பழைய அக்சஸ் பாயின்ட்டை உருவாக்கிய தேதி, நீக்கிய தேதி, தணிக்கைப் படிவத்தில் எழுதிய பொய், கூட்டத்தில் சொன்ன பொய் எல்லாவற்றையும். என் பொறுப்பைக் குறைத்தார்கள், அது நியாயம். பையனின் பதிவேட்டைத் திருத்தினார்கள். அச்சகக்காரர் வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். "அண்ணாச்சி, தப்பு என்னோடது" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையங்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

சொல்லியிருந்தேன். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, நீங்க எழுதி வச்சதைத்தானே நான் நம்புனேன்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு அதற்குள் வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. திரும்பி வரவில்லை.

இப்போது எங்கள் சேமிப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அக்சஸ் பாயின்ட் இருக்கிறது; யாருக்கும் 0 கிடையாது. அக்சஸ் பாயின்ட் வழியாக அல்லாமல் யாரும் நேரடியாக இணைய முடியாதபடியும், ரூட் அனுமதி யாருக்கும் கிடைக்காதபடியும் சேமிப்புக்கே ஒரு கொள்கை எழுதியிருக்கிறோம். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்கு எழுதும் அனுமதி இல்லை. தினசரி பேக்கப் எடுக்கிறோம், மாதம் ஒருமுறை அதிலிருந்து சில ஃபைல்களை மீட்டுச் சரிபார்க்கிறோம். ஓர் அக்சஸ் பாயின்ட்டை நீக்கினால், அதில் இணைந்திருந்த ஒவ்வொரு சர்வரிலும் நுழைந்து இணைப்பு துண்டானதை உறுதிசெய்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இவற்றில் ஒன்றுகூடக் கடினமானதில்லை. எல்லாமே 2020இலேயே என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை.

இதே வேலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவசரத்துக்கு என்று நீங்கள் திறந்து வைத்த பொதுவாசல் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் உட்கார்ந்து இன்னொருவரின் ஃபைலைத் திறக்க முயன்று பாருங்கள். திறந்தால், அடைப்பதற்கு முன்னால் உங்கள் மேலதிகாரியிடமும், உங்கள் எழுத்தை நம்பி வேலை பார்க்கும் இளையவர்களிடமும் சொல்லிவிடுங்கள். செய்த தவறுக்கான தண்டனையைத் தாங்கிக்கொள்ளலாம். நம் தவறுக்கு இன்னொரு பிள்ளை தண்டனை வாங்கியதைத் தாங்க முடியாது.